பொட்டலத்தின் எடை

ஜூன் 8, ஞாயிறு

அன்புள்ள சித்திக்கு,

இங்கு அம்மா, அப்பா, நான், பொட்டலம் நால்வரும் நலம். உங்கள் நலத்தையும் தீவின் நலத்தையும் அறிய ஆவல். "தீவுக்கு ஏதுடி நலம்?" என்று அம்மா கேட்கிறாள். வானிலை நிலையம் வைத்து ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சூடு பார்க்கிறார்கள் என்றால் அதற்கும் உடம்பு என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்று சொன்னேன்.

நீங்கள் படகேறிய மறுநாளே, பொட்டலத்தை என்னிடம் விட்டபோது எழுதித் தந்த சீட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். காய்ந்த புல் எப்போதும் கூண்டு நிறைய. கீரை ஒரு கைப்பிடி. குடைமிளகாய் தினமும் ஒரு துண்டு, ஏனென்றால் கினிப்பன்றியின் உடம்பும் நம் உடம்பைப் போலவே வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரித்துக்கொள்ளாது. பாக்கெட் தீவனம் ஒரு கரண்டி. பழம் வாரத்துக்கு ஒரு தடவை, என் கட்டைவிரல் நகம் அளவு. கடைசி வரியைப் பொட்டலம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டாலே விசிலடிக்கிறது. "நம்ம வீட்ல இப்போ ரெண்டு குக்கர்" என்கிறார் அப்பா.

இன்று முதல் எடை பார்த்தோம். அப்பா தன் பேக்கரியிலிருந்து ஒரு பழைய பேட்டரித் தராசைக் கொண்டுவந்தார். ரொட்டி சுடும் தகரத்தில் துண்டை விரித்துப் பொட்டலத்தை உட்கார வைத்தேன். நான்கு கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு, யாரோ கட்டி வைத்துவிட்டு எடுத்துப்போக மறந்த பொட்டலம் மாதிரியே இருந்தது. 940 கிராம். நோட்டில் கட்டம் போட்டு எழுதிவிட்டேன்.

நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு பழைய பிராணிப் புத்தகம் கிடைத்தது. இந்த மாதிரிச் சிறிய பிராணிகள் நோயை வெளியே காட்டிக்கொள்ளாதாம். காட்டினால் பெரிய மிருகம் வந்து பிடித்துக்கொள்ளும் என்ற பயம் அவற்றின் ரத்தத்திலேயே இருக்கிறதாம். அதனால் வாராவாரம் எடை பார்ப்பதுதான் ஒரே வழி என்று போட்டிருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் தையல் மெஷினை நிறுத்தாமலே, "அப்போ உன் சித்தியையும் வாராவாரம் எடை போட்டு எழுதச் சொல்லு" என்றாள். சாமான் எடை போடும் தராசு நிலையத்தில் இருப்பதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே எழுதவும்.

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் அக்கா மகள்


ஜூன் 18

என் வக்கீலம்மாவுக்கு,

சித்தியின் அன்பு. நான் நலம், தீவும் நலம். உன் கடிதம் உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில் பயணம் செய்து வந்திருக்கிறது. படகு இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை வரும், ஒரு மணி நேரம் நிற்கும், போய்விடும். படகுக்காரர் கயிற்றை அவிழ்ப்பதற்குள் இதை எழுதுகிறேன்.

இங்கே நாங்கள் இரண்டே பேர். நானும், இருபது வருடமாக இங்கேயே இருக்கும் சீனியரும். வீட்டுக்கு முன்னால் கால் முளைத்த ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கிறது. காற்றுப் போக அதன் சுவரெல்லாம் சாய்ந்த பலகைகள், உள்ளே வெப்பமானிகள். அதற்கு அப்பால் மழைமானி, காற்றுக்குச் சுழலும் கிண்ணங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, ரேடியோவில் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். ரேடியோவில் எண்ணைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அதனால்தான் உனக்குக் கடிதம்.

சீனியர் சமைக்கிறார், நான் பாத்திரம் கழுவுகிறேன். எனக்குச் சமைக்க வராது என்பது உன் அம்மா உலகத்துக்கே சொன்ன விஷயம். அவர் மீனை வேகவைக்கும் வாசனையில் தீவில் உள்ள பறவையெல்லாம் கூரைக்கு வந்துவிடுகிறது. நேற்று நான் காற்றின் வேகத்தைக் குறித்துக்கொண்டே நின்றேன். "காத்து எங்கம்மா போயிடப் போகுது? சோறு ஆறுது, வா" என்று கூப்பிட்டார். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன் என்று அக்காவிடம் சொல்.

உன் நோட்டுக்கு ஒரு விதி சொல்கிறேன். எங்கள் பதிவேட்டின் முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கிறது: 'பார்க்காத அளவை எழுதக் கூடாது. கட்டத்தைக் காலியாக விட்டு, காரணத்தைக் குறிப்பில் எழுதவும்.' நீயும் அப்படியே செய்.

என் எடை 52.4 கிலோ. சாமான் அறைத் தராசில், செருப்பைக் கழற்றிவிட்டு.

அன்புடன்,
சித்தி


ஜூன் 29, ஞாயிறு

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் நலம். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டீர்கள் என்றதும், "அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும்" என்றாள் அம்மா. முகம் தெரியாத ஒருவரை அவள் இப்படி வாழ்த்தி நான் பார்த்ததில்லை.

ஒரு செய்தி. குதிரை லாயத்தில் வாங்கும் காய்ந்த புல் மழையில் நனைந்து பூசணம் பிடித்துவிட்டது. "பூசணம் புடிச்சதைக் குதிரைக்கே போட மாட்டேன், உன் பொட்டலத்துக்குப் போடுவேனா?" என்று லாயக்காரர் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். புதுப் புல் வர மூன்று வாரம் ஆகுமாம். நானும் அப்பாவும் யோசித்தோம். பொட்டலத்தின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும், தேய்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. நூலகப் புத்தகத்தில் 'காய்ந்த கடினமான ரொட்டி கொடுத்தால் பல் தேயும்' என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பேக்கரிக்காரன் வீட்டுக்கு வந்தது வீண் போகல பாரு" என்று அன்றே ரொட்டியின் ஓரங்களை அடுப்பில் கல் மாதிரி காய வைத்துக் கொண்டுவந்தார். பொட்டலம் கடகடவென்று கடிக்கிறது. கீரையும் குடைமிளகாயும் வழக்கம் போல.

எடை: ஜூன் 15 அன்று 945. ஜூன் 22 அன்று 955. இன்று 980. நன்றாகத் தேறியிருக்கிறது. நான் கொஞ்சம் பெருமைப்பட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

உங்கள் எடையை மறக்காமல் எழுதவும். சீனியருக்கு என் வணக்கம்.

உங்கள் அக்கா மகள்


ஜூலை 16

என் வக்கீலம்மாவுக்கு,

நலம். போன படகில் எழுத முடியவில்லை. இங்கே காற்று அதிகம், மழையும் அதிகம். பதிவேடு மட்டும் ஒரு கட்டம் விடாமல் நிறைந்துகொண்டு வருகிறது.

பொட்டலத்தின் எடை கூடியது சந்தோஷம். என் எடை எல்லா வாரமும் 52.4தான்.

அக்காவிடமும் அத்தானிடமும் கேட்டதாகச் சொல்.

சித்தி


ஜூலை 27, ஞாயிறு

அன்புள்ள சித்திக்கு,

எல்லோரும் நலம். உங்கள் சுருக்கமான கடிதம் கிடைத்தது. எனக்கும் பரீட்சை நெருங்குவதால் இதுவும் சுருக்கமாகத்தான் இருக்கும்.

புதுப் புல் வந்துவிட்டது. நல்ல பச்சை வாசனை. ஆனால் பொட்டலம் அதை மோந்து பார்த்துவிட்டு, வேண்டாத விருந்தாளியைப் பார்த்த மாதிரி திரும்பிக்கொள்கிறது. ரொட்டிதான் வேண்டுமாம். பழகிக்கொள்ளும் என்று நினைக்கிறோம்.

எடை: ஜூலை 6 அன்று 990. ஜூலை 13 அன்று 985. ஜூலை 20 அன்று 985. இன்று 985.

அம்மா பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நாற்பது சீருடை தைக்கிறாள். வீடெல்லாம் நீல நூல்.

உங்கள் அக்கா மகள்


ஆகஸ்ட் 13

வக்கீலம்மாவுக்கு,

நலம். 52.4. பரீட்சையை நன்றாக எழுது.

சித்தி


ஆகஸ்ட் 17, ஞாயிறு

அன்புள்ள சித்திக்கு,

நலம் என்று தொடங்க முடியவில்லை, மன்னியுங்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: பொட்டலம் உயிரோடு இருக்கிறது. இனி வரிசையாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 6 அன்று பள்ளியிலிருந்து வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். விசில் வரவில்லை. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். வரவில்லை. கூண்டில் அது மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மோவாய் எச்சிலில் நனைந்திருந்தது. வயிறு ஊதிப்போய், தட்டினால் சத்தம் வரும் போல இருந்தது. கூண்டில் புழுக்கை ஐந்தே ஐந்து. அதுவும் வழக்கத்தில் பாதி அளவு, காய்ந்து, ஒன்று ஊசி முனை மாதிரி கூராக.

அம்மா நீல நூலோடு எழுந்து வந்தாள். டாக்ஸியில் கால்நடை டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா அதன் வாய்க்குள் சின்ன விளக்கை விட்டு எனக்கும் காட்டினார். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் உள்பக்கமாக வளர்ந்து, நாக்கின் மேல் பாலம் கட்டியிருந்தன. பாவம், விழுங்கவே முடியாமல் இருந்திருக்கிறது.

"என்ன கொடுக்கறீங்க?"

"கல்லு மாதிரி ரொட்டி, டாக்டர். பல்லு தேயணும்னு" என்றேன்.

"ரொட்டி கடினம்தான். ஆனா வாயில போன நிமிஷம் கூழாயிடும். பல்லைத் தேய்க்கறது கடினம் இல்லம்மா, மெல்லறது. புல்லை நாள் பூரா இப்படி அப்படின்னு அரைச்சுக்கிட்டே இருக்கும், அதுல தேயும். அந்த நார்தான் குடலையும் தள்ளிக்கிட்டுப் போகும். நாருக்குப் பதிலா மாவு போனா உள்ளே பொங்கி வாயு கட்டும், குடல் நின்னுடும்." பிறகு, "எடை பார்க்கறீங்களா?" என்று கேட்டார்.

நான் பொட்டலத்தைத் தூக்கிக் கொடுத்தேன். அவருடைய தராசு 770 காட்டியது.

சித்தி, நான் பொய் எழுதினேன். ஜூலை 13 அன்று தராசு 930 காட்டியது. தராசு பழசு, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டு 985 என்று எழுதினேன். 930 என்று எழுதினால் நான் பெருமைப்பட்டது தவறாகிவிடும். அதன்பின் இரண்டு வாரம் தராசை அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை. எடுக்காமலே 985, 985 என்று எழுதினேன். அன்றே காட்டியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

மயக்க மருந்து கொடுத்துப் பற்களை ராவினார்கள். வலிக்கும் குடலுக்கும் மருந்து. இப்போது அது தானாகச் சாப்பிடுவதில்லை. தூளாக்கிய தீவனத்தைத் தண்ணீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கடைவாய் ஓரமாக ஊட்டுகிறோம். நான் பள்ளிக்குப் போகும் நேரம் அம்மா. அப்பா கூண்டுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "என் ரொட்டி இதுவரைக்கும் யாரையும் படுக்க வெச்சதில்லையே" என்கிறார். "மனுஷங்களைத்தாம்ப்பா" என்றேன். சொன்னபிறகு வருத்தமாக இருந்தது.

இன்றைய எடை 765. நானே பார்த்தது.

இன்னொன்று. உங்கள் கடிதம் நேற்று வந்தது. 52.4 என்று படித்ததும் நோட்டைத் திறந்து, உங்கள் மூன்று கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உயிருள்ள எதுவும் வாராவாரம் ஒரே எடை இருக்காது. தண்ணீர் குடித்தால்கூட மாறும். ஒரே எண் திரும்பத் திரும்ப எப்போது வரும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே எழுதியிருக்கிறேன்.

முதல் கடிதத்தில் சீனியரின் சமையல் ஒரு முழுப் பத்தி. அடுத்த இரண்டிலும் அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நான் ரொட்டி கொடுப்பதாக எழுதியபோது நீங்கள் திட்டவில்லை. பழத்துக்கு நகம் அளவு சொன்ன சித்தி, மூன்று வாரம் ரொட்டி என்று படித்துவிட்டு 'சந்தோஷம்' என்று எழுதுவார்களா? உங்கள் கடிதங்களும் சிறியதாகிக்கொண்டே வருகின்றன. இதைப் படிக்கும்போது எனக்குக் கூண்டில் பார்த்த அந்த ஐந்து நினைவு வந்தது. ஒப்பிட்டதற்கு மன்னிக்கவும். ஆனால் அதுதான் நினைவு வந்தது.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் அக்கா மகள்


ஆகஸ்ட் 31, ஞாயிறு

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். பதில் வரவில்லை. கடல் மோசமாக இருக்கிறது, படகு போயிருக்காது என்று அப்பா சொல்கிறார். அவர் கடலைப் பார்த்தவர் இல்லை, ஆனாலும் நம்புகிறேன்.

பொட்டலம் வியாழக்கிழமை ஒரு புல்லைத் தானாக இழுத்தது. நுனியிலிருந்து ஆரம்பித்து, நூடுல்ஸ் மாதிரி முழுவதும் உள்ளே போகும்வரை நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இரண்டாவது புல்லுக்கு அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். புல் தூசி என்றார்.

எடை: ஆகஸ்ட் 24 அன்று 780. இன்று 800.

நான் கேட்டது தவறாக இருந்தால் திட்டி எழுதுங்கள். திட்டு நீளமாக இருக்கட்டும். அந்தக் கடிதத்தில் நான் என்ன கேட்டேன் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் அக்கா மகள்


செப்டம்பர் 10

என் வக்கீலம்மாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் இன்று சேர்ந்தே வந்தன. ஆகஸ்ட் கடைசியில் படகு கரை தொட முடியாமல் திரும்பிவிட்டது. அத்தான் சொன்னது சரி. படகுக்காரரை இன்று கூடுதலாக ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லியிருக்கிறேன். "என்ன, காதல் கடிதமா?" என்கிறார். வக்கீல் நோட்டீஸ் என்றேன்.

உன் நோட்டில் ஒட்டிக்கொள்ள ஒரு கட்டம் அனுப்புகிறேன்.

ஜூன் 18: 52.4
ஜூன் 22 முதல் செப்டம்பர் 7 வரை: காலி
செப்டம்பர் 10: 45.9

குறிப்பு: நடுவில் தராசில் ஏறவே இல்லை. இன்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு, செருப்போடு ஏறலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்து, கழற்றிவிட்டு ஏறினேன்.

ஜூலை 2 படகில் சீனியர் போய்விட்டார். முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை. ஒரு மாத விடுப்பு இப்போது நீண்டுகொண்டே போகிறது. மாற்று ஆள் வேண்டுமா என்று அலுவலகம் ரேடியோவில் கேட்டது. வேண்டாம், சமாளிக்கிறேன் என்று நான்தான் சொன்னேன். வேலைக்கு எடுக்கும்போதே நேர்முக மேஜையில் ஒருவர், "தனியா விட்டா தாங்குவீங்களாம்மா?" என்று கேட்டார். உன் அம்மாவும் அதையேதான் கேட்டாள். தாங்குவேன் என்று இரண்டு பேரிடமும் ஒரே குரலில் சொல்லிவிட்டு வந்தேன்.

எட்டு அளவும் நானே எடுக்கிறேன். நடுவில் இரண்டு மணி நேரம், இரண்டு மணி நேரமாகத் தூக்கம். அடுப்பு மூட்டினால் தூங்க நேரமில்லை, தூங்கினால் அடுப்புக்கு நேரமில்லை. நின்றபடியே பிஸ்கட்டும் டீயும். இரண்டு மாதத்தில் பிஸ்கட்டைப் பார்த்தாலே வயிறு கல்லாகிவிடுகிறது. பிறகு அதுவும் இல்லாமல் டீ மட்டும். உன் ரொட்டி வரியை நான் படித்தேன், கண்ணே. கண் அதன்மேல் போனது, தலைக்குள் போகவில்லை. என் புத்தி சரியாக இருந்திருந்தால் அந்தப் படகிலேயே நிறுத்தச் சொல்லியிருப்பேன். பொட்டலம் பட்ட பாட்டில் பாதி என் கணக்கில் வரும்.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வானத்தின் கட்டங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. என் கட்டம் ஒன்றுதான் பொய்.

அக்காவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். சொல்லாதே என்று கேட்கத்தான் பேனா போகிறது. கேட்கவில்லை.

சித்தி


செப்டம்பர் 21, ஞாயிறு

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமில்லை என்று தெரிந்தபிறகு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது. இது விபரீதமாகத் தோன்றும், ஆனால் டாக்டரம்மா பல்லைக் காட்டியபோதும் இப்படித்தான் இருந்தது.

அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். இரண்டு தடவை படித்தாள். மெஷின் ஊசிக்குக் கீழே பாதி தைத்த காலர் அப்படியே இருந்தது.

"வேலையை விட்டுட்டு வான்னு நான் சொல்லிடுவேன்னு பயந்துட்டாளா?"

"ஆமாம்மா."

"சொல்லியிருப்பேன்தான்." பாதிக் காலரை ஊசிக்கு நேராக நகர்த்திக்கொண்டே, "இப்போ சொல்லல. இப்போ சொன்னா அடுத்த தடவையும் மறைப்பா. ஆனா சமாளிக்கிறேன்னு ரேடியோவுல சொன்ன வாய்க்கு மிளகாய்ப் பொடி வைக்கணும்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

இத்துடன் வரும் பை அவள் தைத்தது. சீருடைத் துணியில் மிச்சம், அதனால்தான் நீலம். எட்டு ஜோபு இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் மணி எத்தனை என்று நூலால் எழுதியிருக்கிறது. நீங்கள் அளவு எடுக்கும் எட்டு நேரம். அம்மாவும் நானும் பொட்டலத்துக்கு ஊட்டிய கணக்கை வைத்து இந்த யோசனை வந்தது. நின்றுபோன வயிற்றில் ஒரேயடியாகப் போடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது உங்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். எண்களை ரேடியோவில் சொல்லி முடித்ததும் அந்த ஜோபைக் காலி செய்யவும், மறுநாளுக்கு மூட்டையிலிருந்து நிரப்பிக்கொள்ளவும். அடுப்பு தேவைப்படாத பொருள்களாகவே இருக்கின்றன: பால் பவுடர், வறுத்த கடலை, உலர்ந்த பழம், சத்து மாவு. உங்களுக்குப் பழ அளவில் கட்டுப்பாடு இல்லை. நீளமான தகர டப்பா அப்பாவுடையது. ரஸ்க். "இது மனுஷப் பல்லுக்குன்னு தெளிவா எழுதிடு" என்றார். பிஸ்கட் மாதிரியே இருக்கிறதே என்று நான் சொன்னதற்கு, பேக்கரிக்காரரிடம் அப்படிச் சொல்லக் கூடாதாம்.

பொட்டலம் இப்போது புல்லையும் கீரையையும் தானாகவே தின்கிறது. செப்டம்பர் 7 அன்று 825. 14 அன்று காலி. குறிப்பு: தராசில் பேட்டரி தீர்ந்துவிட்டது, கடை மூடியிருந்தது. இன்று 850.

காலியாக விட்டபோது பயமாக இருந்தது. விட்டபிறகு இல்லை.

உங்கள் அக்கா மகள்


அக்டோபர் 8

என் வக்கீலம்மாவுக்கும் என் அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நலம். இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை.

செப்டம்பர் 14: 45.7
செப்டம்பர் 21: 46.0
செப்டம்பர் 28: காலி
அக்டோபர் 5: 47.2

28 அன்று காற்றில் சாமான் அறைக் கதவைத் திறக்க முடியவில்லை. அன்றைக்கு எட்டு ஜோபும் காலி என்பதை மட்டும் உறுதி சொல்கிறேன். முதல் இரண்டு நாள் நான்காவது ஜோபுக்கு மேல் போக முடியவில்லை. வயிறு, யார் நீ என்று கேட்டது. மெதுவாக அறிமுகம் செய்துகொண்டோம். ரஸ்க் பிஸ்கட் மாதிரி இல்லவே இல்லை என்று அத்தானிடம் சொல்.

இப்போது பெரிய செய்தி. செப்டம்பர் 26 மதியம் மூன்று மணி அளவை நான் எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள், கண் திறந்தபோது நாலே கால். மூன்று மணிக்கு வெயில் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அரை டிகிரிகூடத் தப்பாமல் எழுதியிருப்பேன். பேனாவையும் எடுத்தேன். உன் 985 நினைவுக்கு வந்தது.

கட்டத்தைக் காலியாக விட்டேன். குறிப்பில், 'பதிவர் உறங்கிவிட்டார். ஜூலை 2 முதல் நிலையத்தில் ஒருவரே உள்ளார்' என்று எழுதி, ஆறு மணிக்கு ரேடியோவில் அதையே படித்தேன். மறுமுனையில் இருந்த ரேடியோக்காரர் எண்ணைத் தவிர வேறு பேசினார். "என்னம்மா நீங்க, ஒரு கட்டம்கூடக் காலி இல்லையேன்னு நாங்க உங்களை மறந்தே போயிட்டோம். ஆள் வேணுமா, வேணாமா? இப்போ சொல்லுங்க."

வேண்டும் என்றேன்.

இன்றைய படகில் ஒரு பெண் வந்து இறங்கியிருக்கிறாள். வழியெல்லாம் வாந்தி. கரையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் மணலையே பார்த்துவிட்டு, "இந்தத் தீவு ஆடுதா, நான் ஆடறேனா?" என்று கேட்டாள். சமைக்க வருமா என்றேன். வராதாம். எனக்கும் வராது. ஆனால் வராத இரண்டு பேர் சேர்ந்தால் ஒருத்தி அடுப்பைப் பார்க்கலாம், ஒருத்தி வானத்தைப் பார்க்கலாம். அடுப்பில் இப்போது ஏதோ தீய்கிற வாசனை வருகிறது. போக வேண்டும்.

அக்கா, மிளகாய்ப் பொடி நான் வந்தபிறகு வை.

சித்தி


அக்டோபர் 19, ஞாயிறு

அன்புள்ள சித்திக்கு,

எல்லோரும் நலம், பொட்டலம் உட்பட. உங்கள் கடிதத்தின் வரிகளை எண்ணிப் பார்த்தேன். ஐந்து மாதத்தில் இதுதான் இரண்டாவது நீளம். அம்மா அதைத் தையல் மெஷின் டிராயரில் வைத்திருக்கிறாள். நூல் எடுக்கும்போதெல்லாம் கடைசி வரியைப் படித்துவிட்டு, "வரட்டும், வைக்கிறேன்" என்கிறாள்.

நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரொட்டி என்று இருந்த பக்கத்தில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், டாக்டரம்மா சொன்னதை எழுதி. புத்தகத்தில் எழுதக் கூடாது என்பதால் சீட்டு. நோயை மறைக்கும் என்ற பக்கத்திலும் ஒன்று வைக்க நினைத்தேன். அந்தப் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா பற்களை மறுபடி பார்த்தார். சமமாகத் தேய்ந்திருக்கின்றன. இனி மாதம் ஒரு தடவை காட்டினால் போதும். நேற்று நான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன், தண்ணீர் எடுக்கத்தான். கூண்டிலிருந்து விசில் வந்தது. அடுத்த அறையில் மெஷின் நின்றது. பிறகு அம்மா மறுபடி தைக்க ஆரம்பித்தாள். குடைமிளகாய் கொடுத்தேன், சீட்டில் உள்ள அளவுதான்.

எடை: செப்டம்பர் 28 அன்று 865. அக்டோபர் 5 அன்று 880. 12 அன்று 875. ஐந்து கிராம் குறைந்திருக்கிறது, பயப்பட வேண்டாம், அப்போதுதான் வயிற்றைக் காலி செய்திருந்தது. இன்று 895.

இந்தக் கடிதம் உங்களுக்குப் புதன்கிழமை கிடைக்கும். அடுத்த ஞாயிறு 26. நோட்டின் இந்தப் பக்கத்தில் பொட்டலத்துக்கு ஒரு கட்டமும் உங்களுக்கு ஒரு கட்டமும் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். இரண்டும் இப்போதைக்குக் காலி.

குறிப்பு: அந்த நாள் இன்னும் வரவில்லை.

உங்கள் அக்கா மகள்